மாண்ட்ரூ மேடையில் ஒரு மண்குடம்

சுவிட்சர்லாந்து நாட்டில், செனீவா ஏரிக்கரையில், மாண்ட்ரூ என்னும் சிறு நகரம் உள்ளது. 1967ஆம் ஆண்டில் கிளாட் நோப்ஸ் என்பாரும் அவர்தம் நண்பர்களும் அங்கே தொடங்கிய ஜாஸ் இசைவிழா, சில ஆண்டுகளிலேயே ராக் இசைக்கும் பிறநாட்டு இசைக்கும் வாயில் திறந்துவிட்டது. 1971 டிசம்பரில் ஃபிராங்க் ஸப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபொழுதே விழா அரங்கமாகிய கசினோ தீப்பற்றி எரிந்ததும், பின்னர் அது மீண்டும் கட்டப்பெற்றதும் ராக் இசை அன்பர் யாவரும் அறிந்த செய்தி. தமிழர் பலர் அறியாத செய்தி பிறிதொன்று உண்டு. 1976 ஜூலையில் அதே விழாவில் தமிழ்நாட்டு மண்குடம் ஒன்று மேடையேறிற்று. அந்நிகழ்ச்சி படம்பிடிக்கவும் பட்டது. சக்தி என்னும் இசைக்குழுவின் அப்படமே ஈண்டு ஆராயப்படுவது.

குழுவில் நால்வர். ஆங்கிலேயராகிய ஜான் மக்லாப்ளின் கிதார் வாசிக்கிறார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப்பின் குடும்பத்தாரோடு சென்னைக்கு வந்த எல். சங்கர் வயலின் வாசிக்கிறார். பம்பாயைச் சேர்ந்த சாகிர் உசேன் தபலா. டி. எச். விநாயக்ராம் கடம். படம் எடுக்கப்பெற்ற காலத்தில் மக்லாப்ளினுக்கு 34 வயது, விநாயக்ராமுக்கு 33, சங்கருக்கு 26, சாகிர் உசேனுக்கு 25. இவ்விளமையை மனத்திற்கொண்டே அவர்தம் வேகத்தையும் குறைகளையும் எடைபோட வேண்டும்.

ஐரோப்பாவில் அக்காலம் ராக் இசை தன் எல்லைகளை உடைத்துக்கொண்டிருந்த காலம். மூன்று நிமிடப் பாட்டில் நிறைவு காணாத இளைஞர், இருபது நிமிடம் நீளும் இசைப்படைப்புகளை இயற்றினர். நான்கு நான்காக எண்ணும் தாளம் அவர்களுக்குச் சலித்தது. ஐந்து, ஏழு, பதினொன்று என எண்ணத் தொடங்கினர். புரோகிரசிவ் ராக் எனப் பெயர்பெற்ற இவ்வியக்கம் இங்கிலாந்தில் தோன்றி இத்தாலி, செருமனி, நெதர்லாந்து, அங்கேரி எனப் பரவிற்று. மக்லாப்ளினும் அச்சூழலில் வளர்ந்தவரே. 1971இல் அவர் அமைத்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழு மின்கிதாரும் மின்வயலினும் பெருமுரசுகளும் கொண்டு செவிப்பறை அதிர வாசித்தது. பதினெட்டு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த படைப்பும் அக்குழுவிற்கு உண்டு. ஐரோப்பிய விமரிசகர் அதனைப் பெரும் புதுமையெனப் போற்றினர். பதினெட்டென்பது ஒன்பதின் இரட்டை. சங்கீர்ண நடையைப் பயின்ற தமிழ்நாட்டு மிருதங்க மாணவனுக்கு அது முதலிரண்டு ஆண்டுப் பாடம்! இதனைச் சொல்வது இறுமாப்புக்காக அன்று. எந்த வழியில் வந்தவர் எவ்விடத்தில் நின்று சக்தியைத் தொடங்கினார் என்பதை விளக்குவதற்கே.

அத்தனை பேரோசையையும் விட்டுவிட்டு, நான்கு பேராகத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மின்கருவி ஏதுமின்றி வாசிக்கத் துணிந்தமையே மக்லாப்ளினின் முதற் சாதனை எனலாம். படத்தைக் காண்போர் கண்ணில் முதலிற் படுவதும் அவ்விருக்கையே. ராக் மேடையில் கலைஞர் நிற்பர், நடப்பர், துள்ளுவர். இவர்களோ கச்சேரி முறையில் அமர்ந்திருக்கின்றனர். அமர்ந்த உடலில் கைகள் மட்டுமே இயங்குகின்றன. ஆகவே படப்பெட்டிக்குக் கைகளைத் தவிர வேறு நாட்டம் இருக்க இயலாது. விரலும் உள்ளங்கையும் மணிக்கட்டும் ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்வதே இப்படத்தின் கதை.

கடத்தின் நிலையை உற்றுநோக்கல் வேண்டும். கருநாடக இசைக் கச்சேரியில் கடம் துணைப்பக்கவாத்தியம். மிருதங்கத்தின் நிழலில் அமர்வது. தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுத்த இடத்தில் மட்டும் தலைநிமிர்வது. பல சபைகளில் அதற்கு இடமே அளிப்பதில்லை. மாண்ட்ரூ மேடையிலோ மிருதங்கம் இல்லை. குழுவின் முதல் இசைத்தட்டில் ரா. இராகவன் மிருதங்கம் வாசித்தார். பின்னர் அவ்விடம் நிரப்பப்படவில்லை. அதனால் தெற்கின் தாளமரபு முழுவதையும் தாங்கும் பொறுப்பு குடத்தின்மேல் விழுந்தது. விநாயக்ராம் அதனைத் தாங்கினார். அவர் எம். எஸ். சுப்புலட்சுமி போன்ற பெருங்கலைஞர்க்குக் கடம் வாசித்தவர்; தந்தையார் ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் நிறுவிய தாளவாத்தியப் பள்ளியின் வழிவந்தவர். அடங்கி வாசிக்கும் நெறியை அங்கே கற்றவர், அடங்காமல் வாசிக்கும் உரிமையை இங்கே பெற்றார். பெற்ற உரிமையைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்பதே பாராட்டிற்குரியது. தபலாவின் மென்மையான கமகத்தோடு குடத்தின் வன்மையான நாதம் மோதும்பொழுது, அவர் தாம் முந்தாமல் சாகிர் உசேனுக்கு வழிவிட்டு, அடுத்த சுற்றில் அதே சொல்லை இரட்டித்துத் திருப்பித் தருகிறார்.

குடத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கடம் சமையற்பானை அன்று. சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் வேளார் குடும்பத்தினர், பதப்படுத்திய களிமண்ணோடு உலோகத்தூள் கலந்து, சுவர் எங்கும் ஒரே தடிப்பாக அமையுமாறு தட்டித்தட்டிச் செய்வது. சுட்டெடுத்தபின் அதன் சுருதியை மாற்றுவது அரிது. ஆதலின் வாசிப்பவர் பல சுருதிகளில் பல குடங்களை வைத்திருத்தல் வேண்டும். நூறு குடம் சுட்டால் கச்சேரிக்குத் தேறுவது சிலவே. மாண்ட்ரூவில் கேட்ட நாதத்தில் பாதி அக்குயவர் கையினது.

தமிழ் பயில்வோர் ஈண்டு ஒரு பிழையினின்று நீங்குதல் நலம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளைப் பட்டியலிடுமிடத்தில் குடமுழா என ஒன்றைக் குறிக்கிறார். மேடைச் சொற்பொழிவுகளில் சிலர் அதுவே கடம் என்று கூறிவிடுகின்றனர். குடமுழா தோல் போர்த்த கருவி. திருவாரூர்க் கோயிலிலுள்ள ஐம்முக முழவம் அவ்வினத்தது. கடத்திற்குத் தோல் இல்லை. பெயரிற் குடம் வந்ததனாலேயே இரண்டையும் ஒன்றாக்குவது ஆராய்ச்சி ஆகாது.

சிலப்பதிகாரம் இக்கட்டுரையில் வந்தது இடம்நோக்கியே. மக்லாப்ளின் அமெரிக்காவில் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றார். அவருக்குப் பயிற்றியவர் முனைவர் எஸ். ராமநாதன். அவரே சிலப்பதிகாரத்து இசைநுணுக்கங்களை விளக்கித் தமிழில் நூல் எழுதியவர். அப்பல்கலைக்கழகத்திலேயே சிலப்பதிகார இசைபற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். தமிழாசிரியர் வகுப்பறையில் அரங்கேற்று காதையை விளக்கப் புரட்டும் நூலின் ஆசிரியரும், ராக் கிதார்க் கலைஞருக்கு வீணையில் கமகம் காட்டியவரும் ஒருவரே என்பதைத் தமிழ் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அவர் முகம் இப்படத்தில் இல்லை. ஆனால் அவர் கற்பித்ததன் விளைவு படம் முழுதும் உள்ளது.

அவ்விளைவைக் கிதாரிலேயே காணலாம். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பன. தந்தியை அழுத்தவும் இழுக்கவும் இடம் உண்டு. கமகம் அவ்வாறே பிறக்கிறது. சாதாரணக் கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரம் தட்டையாக இருப்பதால் விரல் மரத்தில் முட்டி நிற்கும். மக்லாப்ளினுக்காகக் கிப்சன் நிறுவனத்தார் செய்த கிதாரிலோ மெட்டுகளுக்கிடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முதன்மைத் தந்திகளுக்குக் கீழே குறுக்காக ஏழு துணைத் தந்திகள் சுருதிக்கென ஓடுகின்றன. இசையைக் கருவிக்கேற்பக் குறுக்காமல், கருவியை இசைக்கேற்பத் திருத்திக்கொண்ட பணிவு அது. ஹார்மோனியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு கமகத்தைக் கைவிட்ட தமிழ் நாடக மேடையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். கிதார் வீணையாகிவிட்டதா எனின், இல்லை. மெல்ல அசைந்து நின்று ஒலிக்க வேண்டிய சுரங்களில் தந்தியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடுகிறது. சங்கரின் வில் அதே சுரத்தை எடுத்துக்கொள்ளும்பொழுது வேறுபாடு வெள்ளிடைமலையாகிறது.

படத்தின் உயிர்ப்பகுதி தாள உரையாடல். இங்கு மாணவர் கையிலெடுத்து ஆராயத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றுக்கு நான்கு மாத்திரை எனக்கொண்டால் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ததிங்கிணதொம் என்னும் ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு மாத்திரை வீதம் இரு நிறுத்தம் விட்டால் மொத்தம் 19. ஆவர்த்தனத்தில் 13 மாத்திரை கடந்தபின் தொடங்கினால், முடிவு அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் வந்து இறங்கும். இத்தகைய தீர்மானங்களைப் பன்மடங்கு பெருக்கியும் சுருக்கியும், ஒருவர் வாசித்ததை மற்றவர் பாதியாகக் குறைத்தும், இறுதியில் நால்வரும் ஒருங்கே சமத்தில் இறங்குகின்றனர். கணக்கை அறியாதவனுக்கு அது மின்னல். அறிந்தவனுக்கு நெடுவழி நடந்து வீடு சேர்ந்த நிறைவு. சக்தி குழுவின் நிகழ்படங்களில், தாளக் கருவிகள் தனித்து வாசிக்கும்பொழுது மற்றவர் கையால் தாளம் போட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். அக்கையையே மாணவன் பின்பற்றுதல் வேண்டும். வாசிப்பவர் விரலைப் பார்த்தால் வியப்பு மட்டுமே மிஞ்சும்.

கருவியில் வாசிக்கும் சொற்கட்டை வாயாற் சொல்வது கொன்னக்கோல். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கச்சேரி மேடையில் தனி இடம் பெற்றிருந்த இக்கலை, பின்னர் வழக்கொழியும் நிலைக்கு வந்துவிட்டது. சக்தி குழுவினர் அதனை ஐரோப்பிய அரங்குகளுக்கு எடுத்துச்சென்று, இசைத்தட்டிலும் பதிந்தனர். ஈண்டுத் தமிழாசிரியர்க்குச் சொல்லத்தக்கது ஒன்று. யாப்பிலக்கணத்தில் சந்தக் குழிப்பு எனப்படுவது என்ன? தத்தன, தானன என்று பொருளற்ற அசைகளால் பாட்டின் நடையை அளந்து காட்டுவது. அருணகிரியாரின் திருப்புகழை அவ்வளவையின்றிப் பயில இயலாது. கொன்னக்கோலும் பொருளற்ற அசைகளால் காலத்தை அளப்பதே. பொருளற்றதாதலின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மாண்ட்ரூவில் கூடியிருந்த பிரெஞ்சுக்காரரும் செருமானியரும் ஒரு சொல்லும் அறியாமலே தமிழ் யாப்பின் உடன்பிறப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். யாப்பென்றாலே அஞ்சி ஓடும் மாணவரை, நேரசை நிரையசை வாய்பாட்டிலிருந்து தொடங்காது, இவ்வாயிலின் வழியே அழைத்துச் செல்லும் ஆசிரியர் இரட்டைப்பயன் பெறுவர்.

குறைகளை மறைப்பது திறனாய்வு ஆகாது. முதற்குறை விரைவு. கிதாரும் வயலினும் மாறிமாறிப் பாயும் இடங்களில் இராகத்தின் முகம் தெரிவதற்குமுன் காலம் முடுக்கப்பட்டுவிடுகிறது. இராகம் என்பது சுரவரிசை மட்டும் அன்று. நிற்குமிடமும் தயங்குமிடமும் சேர்ந்தே இராகம். ஐரோப்பிய ராக் இரசிகன் விரைவைத் திறமையென்று கொண்டாடப் பழகியவன். அவனுக்கு விருந்து வைக்கும் ஆர்வத்தில், சங்கர் போன்ற நல்ல வித்துவான் விளம்பத்தில் காட்டக்கூடிய ஆழம் பல இடங்களில் பலியிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது குறை, சாகித்தியம் இன்மை. தியாகராசரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் முத்துத்தாண்டவரும் சொல்லையும் இசையையும் ஒன்றாகவே வார்த்தனர். சொல்லை முற்றும் நீக்கியபின் எஞ்சுவதில் கணக்கு ஓங்குகிறது, உருக்கம் குறைகிறது. மெல்லென வரும் பகுதிகளில் இக்குறை பெரிதும் நீங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே நால்வரும் ஒருவரையொருவர் வெல்ல முயலாது கேட்டு வாசிக்கின்றனர்.

இத்தகைய படங்களைப் பற்றித் தமிழரிடையே இருவகைப் பேச்சு எழுவதுண்டு. வெள்ளையரே எழுந்து நின்று வணங்கினர் என்று பெருமிதங்கொள்வது ஒன்று. தூய இசை கெட்டது என்று முகஞ்சுளிப்பது மற்றொன்று. முன்னது கடத்தின் மதிப்பை மாண்ட்ரூவின் கைதட்டலுக்கு அடகு வைக்கிறது. மானாமதுரைக் குயவனும் கும்பகோணத்து வாத்தியக்காரனும் ஐரோப்பியர் கேட்பதற்கு முன்பும் அதே கலையைத்தான் போற்றினர். பின்னதோ, வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்து பாலுசாமி தீட்சிதர் காலத்தில் தமிழ்நாட்டு மேடையேறிய கருவி என்பதை மறக்கிறது. இரண்டும் படத்தைக் காணாமலே பேசும் பேச்சுகள்.

கிள்ளானில் வாழும் தமிழ் மாணவனுக்கு இப்படம் தொலைநாட்டு வேடிக்கையாகத் தோன்றலாம். அப்படியன்று. சார்லி மரியானோ என்னும் அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் 1960களின் பிற்பகுதியில் கோலாலம்பூருக்கு வந்து மலேசிய வானொலி இசைக்குழுவோடு பணியாற்றினார். அவர் நாதசுரத்தைக் கேட்டு மயங்கியது இம்மண்ணிலேதான். பின்னர் தமிழ்நாடு சென்றும் பயின்றார். 1971க்குப்பின் ஐரோப்பாவில் தங்கி, மூனிக் நகரில் 1969இல் தோன்றிய எம்பிரியோ என்னும் ராக் குழுவோடு இணைந்து, அக்குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டில் நாதசுரம் வாசித்தார். பெரும்புகழ் பெறாத குழு அது. ஆயினும் தேடலில் பெருங்குழுக்களுக்கு இளைத்ததன்று. 1978-79இல் அதன் உறுப்பினர் பேருந்தேறி ஈரான், ஆப்கானிசுத்தான் வழியாகத் தரைவழியே இந்தியா வரை பயணம் செய்து, வழியெங்கும் அவ்வந்நாட்டுக் கலைஞரோடு வாசித்ததும் ஒரு படமாகவே வெளிவந்தது. பெங்களூருத் தாளவாத்தியக் கல்லூரிக் கலைஞரோடு மரியானோ வாசித்த ஜோதி என்னும் தட்டு 1983இல் வெளியாயிற்று. மரியானோவின் நாதசுரத்தில் நம்பத்தகுந்த ஆர்வம் உண்டு. ஆனால் எம்பிரியோவின் தட்டில் தவிலின்றித் தனித்து ஒலிக்கும் அவ்வோசை, மணமக்கள் இல்லாத மணப்பந்தல் போன்றது. சக்தி குழு இதனினும் ஒருபடி உயர்ந்து நிற்பதற்குக் காரணம் ஈண்டே விளங்கும். அங்கே கருவி மட்டும் கடல்கடந்து செல்லவில்லை. அக்கருவியின் இலக்கணம் அறிந்தவரும் உடன்சென்றார்.

கிள்ளானிலோ நிலைமை வேறு. தெங்கு கெலானா சாலையில் தீபாவளிக் காலத்தில் ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று விஞ்சுகின்றன. கோயில்களில் நாதசுரமும் தவிலும் வாசிப்போரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதி பெற்று வருபவர். அனுமதி கிட்டாத காலத்தில் பூசைநேரத்து மேளத்தை மின்விசைப் பொறி அடிக்கிறது. உறுமிமேளம் மட்டும் இளைஞர் கையில் உயிரோடு இருக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து நகர்ப்புறத்திற்கு வந்து, ஊர்வலந்தோறும் முழங்கும் அவ்வுறுமியின் தாளக் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவன் இசைப்பாட வேளையில் கையிலெடுப்பது ரெக்கார்டர் என்னும் ஐரோப்பியக் குழல். அதிற் குற்றமில்லை. குழலைக் கற்றவன் தெருவில் கேட்கும் உறுமியை எண்ணிப் பார்க்கவும் கற்றால் என்ன? பிரிக்பீல்ட்சில் 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகள் கருநாடக இசையைக் கற்பித்து வருகின்றன. ஆயினும் கட்டணம் செலுத்தி அங்குச் செல்ல இயன்ற பிள்ளைகளுக்கே அக்கல்வி எட்டுகிறது.

இன்னொன்றும் இப்படத்தால் நினைவுக்கு வருகிறது. கிளாட் நோப்ஸ் விழாவின் நிகழ்ச்சிகளை ஆண்டுதோறும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து சேர்த்துவைத்தார். அத்தொகுதியை 2013இல் யுனெசுகோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. 1976 ஜூலையின் அவ்விரவு மறைந்துபோகாமல் இன்றும் காணக்கிடைப்பது அம்முன்யோசனையால்தான். கிள்ளான் வட்டாரக் கோயில்களில் அரைநூற்றாண்டாக வாசித்த மேளக்காரர், உறுமிக் குழுவினர், தோட்டப்புறப் பசனைக் குழுவினர் ஆகியோரின் வாசிப்பை அவ்வாறு பதிந்து வைத்த பெட்டகம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் உருவாகவில்லை. வயது முதிர்ந்தோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். பள்ளி மாணவர் கையிலிருக்கும் கைப்பேசிக்கு அன்று மாண்ட்ரூவில் இருந்த படப்பெட்டியினும் கூர்மையான கண் உண்டு.

சக்தி குழு 1970களின் இறுதியில் கலைந்தது. 1997இல் மக்லாப்ளின் அதனை மீண்டும் கூட்டியபொழுது விநாயக்ராம் சில காலம் வாசித்தார்; பின்னர் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அவ்விடத்தில் அமர்ந்தார். மாண்டலின் சீனிவாசன் சேர்ந்து, 2014இல் மறைந்தார். சங்கர் மகாதேவன் பாட வந்ததால் சொல்லும் ஒருவாறு திரும்பிற்று. 2023இல் வெளிவந்த தட்டிற்கு மறு ஆண்டு கிராமி விருது கிடைத்தது. 2024 டிசம்பரில் சாகிர் உசேன் மறைந்தார். மாண்ட்ரூப் படத்தில் 25 வயதினராய், தலைமயிர் நெற்றியில் விழ, பக்கத்திலிருக்கும் குடம் என்ன சொல்லப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.